ஷேடு மாஸ்டரின் கேரட் வைத்தியம்

திருப்பூரில் யாரும் யாருடைய முகத்தையும் நின்று பார்ப்பதில்லை. எல்லோருக்கும் ஷிப்மெண்ட் அவசரம். ஒரே ஒரு மனிதர் மட்டும் பார்ப்பார். கிட்டே வந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நம்மை வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நேத்து ராத்திரி பரோட்டாங்களா?" என்பார். டாக்டரும் ஜோசியரும் சேர்ந்து உட்கார்ந்தாலும் சொல்ல முடியாததை ஒரு கன்னத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வார். ஆனால் சொல்லும்போது அவர் குரலில் இருக்கும் உறுதி இருக்கிறதே, பரோட்டா சாப்பிடாதவனுக்கே சாப்பிட்டோமோ என்று சந்தேகம் வந்துவிடும்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு ஷேடு மாஸ்டர். பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனி. நான் அங்கே மெர்ச்சண்டைசர். அதாவது வெளிநாட்டுப் பையர் கேட்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, அதைச் செய்து தரச் சொல்லி உள்ளூர்க்காரர்களிடம் கெஞ்சும் உத்தியோகம். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணி ரோல்களை, பையர் சம்மதித்த சாம்பிளோடு வைத்துப் பார்த்து, நிறம் சரி என்று கையெழுத்துப் போடுவது மாஸ்டரின் வேலை.

அதற்கென்று அவரிடம் ஒரு லைட் பாக்ஸ் இருந்தது. கதவில்லாத பீரோ மாதிரி ஒரு பெட்டி. உள்ளே விதவிதமான டியூப் லைட்டுகள். ஒரு ஸ்விட்சைப் போட்டால் பகல் வெளிச்சம், இன்னொன்றைப் போட்டால் கடை வெளிச்சம். எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் துணியின் நிறம் மாறக் கூடாது என்பதற்காகக் கம்பெனி பெரும் செலவு செய்து வாங்கியது. மாஸ்டர் அதற்குள் மனிதத் தலைகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சேர்ந்த முதல் வாரமே என் தலை உள்ளே போனது. தாராபுரத்திலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். முகம் முழுக்கப் பரு. பருவை மறைக்க மூன்று கிரீம். ஏதோ சாம்பிள் வாங்கப் போனவளை அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சித்த நில்லுங்க கண்ணு. தலைய உள்ள உடுங்க."

"எதுக்குங்க?"

"உடுங்க. கரண்ட்டெல்லாம் அடிக்காது."

புது இடம், பயம். விட்டேன். ஸ்விட்சுகளை மாற்றி மாற்றிப் போட்டார்.

"பகல் வெளிச்சத்துல ஒரு கலரு, கடை வெளிச்சத்துல ஒரு கலரு. கழுத்து வேற தொட்டியில நனைச்ச தனி லாட்டு. மேல என்ன போட்டிருக்கறீங்க?"

"கிரீமுங்க. மூணு."

"அது பிரிண்டு கண்ணு. மேல ஒட்டிக்கிட்டு நிக்கும், நாலு தண்ணியில போயிரும். மனுசனுக்கு வேண்டியது டையிங். உள்ள எறங்கோணும். காத்தால என்ன சாப்ட்டீங்க?"

"டீ. ஒரு தேங்காய் பன்."

"பொழுதோட?"

"டீ... இன்னொரு தேங்காய் பன்."

அவர் பெருமூச்சு விட்டார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்தார். செக்கிங்கில் துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அதைக் காட்ட ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. என் கன்னத்தில், பெரிய பரு ஒன்றைக் குறி பார்த்து ஒட்டினார். "சக்கரைய நிறுத்துங்க, இது தானா உழுந்துரும்" என்றார். பரு விழுமா, ஸ்டிக்கர் விழுமா என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த அம்போடு போய் முதலாளி நடத்திய மீட்டிங்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொங்கு நாட்டு மரியாதை அப்படி.

அவருடைய வைத்திய சாஸ்திரம் இவ்வளவுதான்: முகத்தில் பூசுவது பிரிண்ட், வயிற்றில் போடுவது டையிங். பீடி குடிக்கும் அயர்னிங் மாஸ்டரைப் பார்த்து, "இப்பவே சுருங்கிப் போச்சு. இன்னும் ரெண்டு சலவை கண்டீங்கன்னா கொழந்தை சைசுதான்" என்பார். வாயோரம் வெடித்திருந்த அக்கவுண்டண்டிடம், "தையல் பிரிஞ்சிருக்குதுங்க. கீரை, முட்டை, கொள்ளு. மூணு நூலும் போட்டுத் தெச்சாத்தான் நிக்கும்" என்பார். அக்கவுண்டண்ட் சுத்த சைவம். முட்டை என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்து சுற்றுவழியாகப் போக ஆரம்பித்தார்.

தையல் பெண்களிடம் மட்டும் அவர் கிண்டல் பண்ணமாட்டார். பீஸ் கணக்கில் கூலி; பாத்ரூம் போய் வந்தால் நேரம் போய்விடும் என்று பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை. உதடு காய்ந்து, கை சொரசொரவென்று இருக்கும். சூப்பர்வைசரிடம் போய், "ஏனுங்க, தண்ணி காட்டாம சாயப்பட்டறை ஓடுமுங்களா? இவுங்க மட்டும் எப்படீங்க ஓடுவாங்க?" என்று சண்டை பிடித்து, லைனுக்கு நடுவில் ஒரு தண்ணீர் டிரம் வைக்க வைத்தார். அந்த ஒரு காரியத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தத் தைரியத்தில்தான் அடுத்த காரியத்தைச் செய்தார்.

கேரட் விலை மண்ணோடு மண்ணாகக் கிடந்த சமயம் அது. உழவர் சந்தையிலிருந்து தன் மொபட்டின் முன்னால் ஒரு மூட்டை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். நேரே முதலாளியிடம் போனார். சாயந்திர டீக்குக் கொடுக்கும் பஜ்ஜியை நிறுத்திவிட்டுக் கேரட் கொடுத்தால் செலவும் மிச்சம், ஜனங்களுக்குத் தோலும் மின்னும் என்றார். முதலாளி காதில் முதல் பாதிதான் விழுந்தது. அன்றே பஜ்ஜிச் சட்டி கவிழ்ந்தது.

பஜ்ஜி போன துக்கத்தில் கம்பெனியே கொதித்தது. மாஸ்டர் செக்கிங் டேபிள் மேல் கையை ஊன்றிக்கொண்டு பிரசங்கம் செய்தார்.

"ரெண்டே மாசம் தின்னு பாருங்க. மெர்சிரைஸ் பண்ணுன காட்டன் மாதிரி மொகம் மின்னும். நானும் தெனமும் நாலு கேரட்டுங்க. சந்தேகமிருந்தா என்ற கன்னத்தப் பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். அவர் கன்னம் மழை நின்ற மறுநாள் பல்லடம் ரோடு மாதிரி இருக்கும். செக்கிங் பெண்களுக்குத் தலைவி பரிமளா, சேவூர்க்காரி, வாய்க்கு வேலி போடாதவள். "நாலு கேரட் தின்னே இப்படின்னா, திங்காம உட்டிருந்தா என்னாயிருப்பாரோ பாவம்" என்றாள். அந்த இரக்கத்திலேயே எல்லோரும் தின்ன ஆரம்பித்தார்கள்.

இந்த ஊரில் எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. கேரட்டும் டார்கெட் ஆகிவிட்டது. தையல் லைன் எத்தனை தின்றது, செக்கிங் டேபிள் எத்தனை தின்றது என்று போட்டி. பச்சையாகக் கடித்தது போதாதென்று டிபன் பாக்ஸில் கேரட் பொரியல், அரசாணிக்காய் என்கிற மஞ்சள் பூசணிக் கூட்டு, சாப்பிட்டு முடித்ததும் பப்பாளித் துண்டு. ஒடிசாவிலிருந்து வந்த சுனிதா, "மாஸ்டர்ஜி, காஜர் கா ஹல்வா?" என்று கேரட் அல்வாவை ஆசையாகக் கேட்டாள். சர்க்கரை என்றதும் மாஸ்டர் அவள் டிபன் பாக்ஸில் அம்பு ஒட்டிவிட்டார். நானோ ஏசி ரூமில் உட்கார்ந்து இந்தக் கூத்தையெல்லாம் கேலி பண்ணிக்கொண்டு, ஹாஸ்டலுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கேரட் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தேன். பன்னையும் விட்டிருந்தேன். பரு கொஞ்சம் குறைந்திருந்தது. அதை அவரிடம் சொல்வேனா?

மாஸ்டர் மட்டும் மத்தியானமானால் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டுக்குப் பின்னால் போய்விடுவார். "தனியா உக்காந்து மென்னு தின்னாத்தானுங்க ஒடம்புல சேரும்" என்பார். அங்கே வாட்ச்மேனின் ஆடு ஒன்று கட்டியிருக்கும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த ஆடு அந்த வருஷம் என்னவோ பார்க்கவே கண்கூசும்படி மின்னியது.

இப்படி இருக்கும்போதுதான் எனக்கு முதல் முதலாகத் தனியாக ஒரு ஆர்டர் கொடுத்தார்கள். கைக்குழந்தைகளுக்கான டி-ஷர்ட். மாம்பழ மஞ்சள். குழந்தைத் துணி என்றால் பையர்கள் பேயாகிவிடுவார்கள். குழந்தை சட்டையைக் கடிக்கும், சப்பும், ஒரு சொட்டுச் சாயம் போகக் கூடாது. ரோல் ரோலாகப் பிரித்து, தடவி, தேய்த்துப் பார்த்து மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். "கண்ணு, இது போச்சுன்னா என்ற பேர மாத்திக்கறேன்" என்றார்.

கடைசி இன்ஸ்பெக்ஷனுக்குப் பையர் சார்பில் தரம் பார்க்கும் க்யூசி வந்தான். சென்னைப் பையன், சிரிக்காத முகம். பெட்டிகளைப் பிரித்து அளவு பார்த்தான், தையல் பார்த்தான், எல்லாம் சரி. எனக்கு மூச்சு வந்தது. பரிமளா ஒரு சட்டையை மடித்து அவன் கையில் கொடுத்தாள். அவன் சட்டையைப் பார்க்கவில்லை. அவள் உள்ளங்கையைப் பார்த்தான்.

மஞ்சள்.

"கையைத் திருப்புங்கம்மா. நீங்களும் காட்டுங்க. நீங்களும்."

வரிசையாக எல்லாக் கைகளும் திரும்பின. செக்கிங் டேபிள் முழுக்க மஞ்சள் கை. எங்களுக்கு அது தினமும் பார்த்துப் பழகி உறைக்காமலே இருந்திருக்கிறது. ஓடிப் போய் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். கழுவினார்கள். போகவில்லை. அவன் முகம் இன்னும் இருண்டது.

"சோப்புக்கே போகலைன்னா இன்னும் மோசம் மேடம். கலர் ஸ்கின்ல இறங்கியிருக்கு. இது பேபி கார்மெண்ட். நான் ஃபெயில் போடறேன்."

"சார், லேப்ல பாஸ் ஆயிருக்கு சார். நீங்களே தேய்ச்சுப் பாருங்க."

வெள்ளைத் துணியால் தேய்த்தான். துணி வெள்ளையாகவே இருந்தது. "லேப்ல வராதது கைல வந்திருக்கே மேடம். நான் எதை நம்பறது?" என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான்.

முதலாளி வந்துவிட்டார். எங்கள் ஊர் முதலாளிகள் கோபம் வந்தால் கத்தமாட்டார்கள். மரியாதை கூடிக்கொண்டே போகும்.

"மாஸ்டர், நீங்கதானுங்க கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமாங்க."

"இந்த ஆர்டர் திரும்புச்சுன்னா நாளைக்கு நீங்க சிரமப்பட்டு வரவேண்டாமுங்க. ஊட்டுலயே இருந்துக்கங்க."

மாஸ்டர் டேபிள் மேல் இருந்த ஒரு சட்டையை எடுத்து விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

யாரோ காமாலை என்று கிளப்பிவிட, கம்பெனி நர்ஸ் அக்கா ஓடிவந்தார். பரிமளாவின் கண்ணை விரித்துப் பார்த்தார். அடுத்தவள் கண்ணையும் பார்த்தார். "காமாலைன்னா கண்ணு மஞ்சளாகும். இவுங்களுக்குக் கண்ணு வெள்ளை வெளேர்னு இருக்குது. ஏனுங்க, நீங்கெல்லாம் ஒட்டுக்கா என்னத்தத் தின்னீங்க?"

நாற்பது ஐம்பது கண்கள் மாஸ்டர் பக்கம் திரும்பின.

"கேரட்டு" என்றாள் பரிமளா. "அரசாணிக்காய். பப்பாளி. இவருதானுங்க சொன்னாரு."

"அதேதான். அளவுக்கு மீறித் தின்னா அந்தக் கலரு தோலுக்கு வந்துரும். உள்ளங்கை, உள்ளங்கால்ல நல்லாத் தெரியும். ஆபத்தொண்ணும் இல்ல, கொறைச்சுக்கிட்டா தானாப் போயிரும்" என்றார் நர்ஸ் அக்கா.

பரிமளா பட்டென்று டேபிள் மேல் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள். பாதமும் மஞ்சள். "காலுலயாங்க சட்டை மடிக்கறோம்?" என்றாள். க்யூசி அசையவில்லை. "தரையெல்லாம் உங்க மஞ்சள் பஞ்சுதான் கிடக்கு, கால்ல அதுவும் ஏறியிருக்கலாம். கேரட் கதையை நான் ரிப்போர்ட்ல எழுத முடியாது" என்றான்.

அப்போதுதான் பரிமளாவுக்கு அது தோன்றியது. "மாஸ்டர், எங்களையெல்லாம் உட அதிகமா அந்தத் துணியத் தொட்டது நீங்க. உங்க கையக் காட்டுங்க."

மாஸ்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"காட்டுங்க மாஸ்டர்" என்றார் முதலாளி.

மெல்ல நீட்டினார். வெளுத்துப்போன கை. மருந்துக்குக் கூட மஞ்சள் இல்லை. க்யூசி குனிந்து பார்த்தான். "எல்லா ரோலும் நீங்கதான் தொட்டீங்களா?"

"ஒண்ணு உடாமத் தொட்டனுங்க."

"அப்ப கேரட்? நீங்களும் தினம் சாப்பிட்டீங்கதானே?"

மாஸ்டரின் நிலைமை எனக்குப் புரிந்தது. தின்றேன் என்றால் கேரட்டால் கை மஞ்சளாகாது என்றாகித் துணி மேல் பழி, வேலை போகும். தின்னவில்லை என்றால் இத்தனை நாள் கட்டிய கோட்டை போகும். இத்தனை பெண்கள் முன்னால்.

"திங்கறதில்லீங்க" என்றார். "அந்த வாடையே எனக்கு ஆகாதுங்க."

"நாலு கேரட்?" என்றாள் பரிமளா.

"ஆட்டுக்குப் போட்டனுங்க."

லைன் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேகமாகப் போய் என் இரண்டு கையையும் க்யூசி முன்னால் விரித்தேன். நானும் மஞ்சள்.

"நான் இந்த ஆர்டர்ல ஒரு ரோல் கூடத் தொட்டதில்ல சார். ஏசி ரூம்லதான் இருக்கேன். ஆனா தினமும் ராத்திரி கேரட் ஜூஸ்."

தொட்டவர் கை வெள்ளை, தின்றவள் கை மஞ்சள். க்யூசி எங்கள் இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பார்த்தான். லைட் பாக்ஸுக்குள் வைத்தும் பார்த்தான். அவன் உதட்டோரம் முதல் முறையாக ஏதோ அசைந்தது. "கேரட்னு எழுதமாட்டேன். கலர் ஓகேன்னு எழுதறேன்" என்று கையெழுத்துப் போட்டான். முதலாளி மாஸ்டரைப் பார்த்து, "நாளைக்கு வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் டீக்குப் பஜ்ஜி வந்தது.

செக்கிங் பெண்கள் கோபத்தில் அவரோடு பேச்சு பழமை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் அவர் வழக்கம்போலக் காம்பவுண்டுக்குப் பின்னால் போனபோது பரிமளா பின்னாலேயே போய் டிபன் பாக்ஸைப் பிடுங்கித் திறந்தாள். நானும் போயிருந்தேன். உள்ளே இரண்டு தேங்காய் பன். காலையிலும் அதேதானாம், ராத்திரியும் அதேதானாம்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் கீரை, கொள்ளுன்னுட்டு?"

"என்ற ஊட்டுக்காரி இருந்த வரைக்கும் ஆக்கிப் போட்டா. போனதுக்கப்பறம் ஒத்த ஆளுக்கு என்னத்த அடுப்புப் பத்த வெக்கறதுங்க? நீங்களாச்சும் நல்லபடியாத் தின்னு நல்லா இருக்கட்டும்னு..." என்று இழுத்தார்.

பரிமளா அவர் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு சிவப்பு அம்பை உரித்து, பன் மேல் ஒட்டினாள். பன்களை ஆட்டுக்குப் போட்டாள். தன் டிபன் பாக்ஸை அவர் கையில் வைத்தாள்.

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் பரிமளா வீட்டுக் கொள்ளுப் பருப்பு, ஒரு நாள் சுனிதாவின் கீரை, ஒரு நாள் யாரோ ஒருத்தியின் ராகிக் களி. மிச்சம் வைத்தால் பாக்ஸின் மேல் அம்பு. "பொம்பளைங்க கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கறேன் கண்ணு" என்று என்னிடம் வந்து புலம்புவார். புலம்பிக்கொண்டே ஏப்பம் விடுவார்.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்து, எழுதிப் பிழைக்கத் தொடங்கிவிட்டேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே நுழைந்தேன். மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார்.

"தண்ணியே குடிக்கறதில்லையா கண்ணு? மொகம் வறண்டு கெடக்குது."

"அதிருக்கட்டும். நீங்க கையக் காட்டுங்க."

வெட்கப்பட்டுக்கொண்டே நீட்டினார். உள்ளங்கையில் லேசாக மஞ்சள். வாடையே ஆகாதவரைக் கேரட்டும் தின்ன வைத்திருக்கிறார்கள். ஒரு டேபிள் நிறையப் பெண்கள் சேர்ந்து போட்ட சாயம் அது. ஒரு காலத்திலும் போகாது என்று எங்கே வேண்டுமானாலும் நான் கையெழுத்துப் போடுவேன்.